கரும்புக்கு அடியில் இருக்கும் நிலம்: குவாசூலு-நேட்டாலில் நிலச்சூழல் வகைப்பாடு செய்ய முழுமையான வழிகாட்டி

டொங்காட்டிலிருந்து உம்சின்டோ வரை கடலோரமாகப் போனால் மைல் கணக்கில் கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் இறக்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும் நட்டு வெட்டிய கரும்பு. அந்த மண்ணில் கரும்புக்கு முன் என்ன வளர்ந்தது? எது முழுதாகப் போயிற்று, எது இன்னும் ஒரு மூலையில் மூச்சு வைத்திருக்கிறது? செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த இன்றைய நிலப்பரப்பு வரைபடம் இதற்குப் பதில் சொல்லாது. அது "கரும்பு" என்று மட்டும் காட்டும்.

நிலச்சூழல் வகைப்பாடு வேறு வழியில் போகிறது. செடியைப் பார்ப்பதில்லை. செடியை அங்கே வளரவிட்ட மழை, குளிர், வெயில், சரிவு, பாறை, மண் ஆகியவற்றை மட்டும் எடுத்து, ஒரே மாதிரியான இடங்களை ஒரே குழுவில் சேர்க்கிறது. தமிழில் படித்தவர்களுக்கு இது அந்நியமான எண்ணமே அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பூவும் பறவையும் விலங்கும் கருப்பொருள். முதற்பொருளைச் சரியாக வகுத்துவிட்டால், கருப்பொருள் அழிந்த இடத்திலும் அங்கே எது இருந்திருக்கும் என்று நியாயமாக ஊகிக்கலாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்ற பழைய எண்ணமும் இங்கே பயன்படும். கைவிட்ட கரும்புக் கொல்லை ஒரு தனிச் சூழல் அல்ல, ஏற்கெனவே உள்ள ஒரு சூழலின் சிதைந்த நிலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த வேலையில் நாங்கள் அதிகம் காணும் தவறு.

கீழே உள்ள படிகள் ஒரு நகராட்சி, ஓர் ஆற்றுப்படுகை, அல்லது சில பெரிய பண்ணைகள் சேர்ந்த பகுதி என்ற அளவுக்கு எழுதப்பட்டவை. கணினியில் குயூஜிஐஎஸ் மென்பொருளும் ஆர் மொழியும் இருந்தால் போதும், இரண்டும் இலவசம். ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட முறையில் ஓரளவு பழகியவர் ஒருவர், மண்ணும் செடியும் தெரிந்தவர் ஒருவர் என்று இருவர் சேர்ந்து செய்வது நல்லது. தனியாளாகச் செய்த வகைப்பாடுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

முதலில், கையில் ஏற்கெனவே இருப்பவை

புதிதாகத் தொடங்குமுன் நான்கு பழைய வேலைகளைப் பார்த்துவிடுங்கள். 1953இல் ஏகாக்ஸ் வெளியிட்ட வெல்டு (புல்லும் புதரும் நிறைந்த திறந்த நிலம்) வகைகள், நாடு முழுவதையும் 70 வகைகளாகப் பிரித்தன. 2006இல் முசினாவும் ரதர்ஃபோர்டும் தொகுத்த தேசியத் தாவர வரைபடம் நானூறுக்கும் மேற்பட்ட வகைகளை ஒன்பது உயிர்மண்டலங்களில் அடுக்கியது. இன்றும் சட்ட வேலைகளுக்கு அடிப்படை அதன் திருத்திய பதிப்புகளே. 1970களில் தொடங்கிய நில வகை ஆய்வு, நிலத்தோற்றம், மண் அமைப்பு, தட்பவெப்பம் மூன்றும் ஒத்த பகுதிகளை 1:2,50,000 அளவில் வரைந்தது. நம் மாகாணத்துக்கென்றே கேம்ப் செய்த உயிர்வள அலகுகள் 590 உள்ளன. வேளாண்மைக்காகச் செய்தவை என்றாலும் மழையையும் உயரத்தையும் கவனமாகக் கையாண்டவை.

முறைக்கு முன்மாதிரி வெளிநாட்டில் இருக்கிறது. நியூசிலாந்தில் 2000களின் தொடக்கத்தில் முழு நாட்டுக்கும் நிலச்சூழல் வகைப்பாடு செய்தார்கள். தட்பவெப்பத்துக்கு 7, சரிவுக்கு 1, மண்ணுக்கு 7 என 15 மாறிகளை (இடத்துக்கு இடம் மாறும் அளவுகளை) 25 மீட்டர் சதுரக் கட்டங்களில் எடுத்தார்கள். அதை 20, 100, 200, 500 குழுக்கள் என்று நான்கு நிலைகளில் தந்தார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு 20, களத்தில் நிற்பவருக்கு 500. இந்த அடுக்கு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாறிகளை மட்டும் நம் மண்ணுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

படி 1: எல்லையும் கட்டத்தின் அளவும்

எல்லையை ஆற்றுப்படுகையாக வையுங்கள், வார்டு எல்லையாக வைக்காதீர்கள். எல்லைக்கு வெளியே குறைந்தது 5 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் ஓடும் ஓடைகளின் நீர்ப்பாதைக் கணக்கு பிசகும். டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி நகராட்சி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். 30 மீட்டர் கட்டம் என்றால் 28 லட்சம் கட்டங்கள் வரும், சாதாரண மடிக்கணினி தாங்கும். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 94,000 சதுர கிலோமீட்டர். அதற்கு 90 மீட்டர் கட்டம் எடுத்தால் 1 கோடியே 16 லட்சம் வரும். அங்கே 30 மீட்டரில் பிடிவாதம் பிடிப்பதால் பயன் இல்லை, ஏனென்றால் மழைத் தரவு 1 கிலோமீட்டர் அளவில்தான் கிடைக்கிறது.

படி 2: மாறிகளைத் தேர்வது

முழு வேலையின் தரமும் இங்கேதான் முடிவாகிறது. ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த எண்ணைச் செடி உணருமா? கடல்மட்ட உயரத்தைச் செடி உணராது, குளிரை உணரும். எனவே உயரத்தை மாறியாகச் சேர்க்காதீர்கள். உயரமும் வெப்பநிலையும் இங்கே ஏறக்குறைய ஒன்றாகவே மாறுகின்றன. இரண்டையும் போட்டால் குளிரை இருமுறை எண்ணியதாகிவிடும், வரைபடம் முழுக்க உயரப் பட்டைகளாகவே வரும்.

கடலோரத்திலிருந்து மிட்லண்ட்ஸ் என்ற உள்நாட்டு மேட்டுப்பகுதி வரைக்கும் நாங்கள் பரிந்துரைப்பவை எட்டு.

ஆண்டு மழை. டர்பனில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். உள்ளே துகேலா பள்ளத்தாக்கில் மழை மறைவால் வெகுவாகக் குறையும்.

மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்த வெப்பநிலை. உறைபனிக் கோட்டை இது பிரிக்கும். கரும்பு எங்கே நிற்கிறது, மிட்லண்ட்ஸ் புல்வெளி எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஒற்றை எண் இல்லை.

ஆண்டு நீர்ப்பற்றாக்குறை. ஒவ்வொரு மாதமும் ஆவியாகக்கூடிய நீரிலிருந்து மழையைக் கழித்து, மிச்சம் நேர்எண்ணாக வரும் மாதங்களை மட்டும் கூட்டுங்கள். ஒரே அளவு மழை பெறும் இரண்டு இடங்களில் ஒன்று ஏன் காடாகவும் மற்றொன்று ஏன் முட்புதராகவும் இருக்கிறது என்பதைப் பல நேரம் இந்த எண்தான் விளக்கும்.

சரிவின் மீது விழும் குளிர்கால வெயில். இதை விடவே கூடாது. இந்தியாவில் எழுதிய நூல்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். தென்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுதான் வெயில் சரிவு, தெற்கு நோக்கியது நிழல் சரிவு. கணக்கைப் பாருங்கள்: டர்பனின் அகலாங்கில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. 25 பாகை சாய்ந்த வடக்குச் சரிவின் மீது விழும் நேரடி ஒளி, அதே சாய்வுள்ள தெற்குச் சரிவின் மீது விழுவதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். ஒரே பள்ளத்தாக்கில் தெற்குச் சரிவில் ஈரக் காடு ஒட்டிக்கொண்டிருக்க, எதிர்ச்சரிவில் கற்றாழையும் முள்மரமும் நிற்பதற்குக் காரணம் இதுவே. திசையை 0 முதல் 360 வரையிலான எண்ணாக நேரடியாகப் போடுவது இன்னொரு பிழை. 359ம் 1ம் அடுத்தடுத்த திசைகள், ஆனால் கணினி அவற்றை எதிரெதிர் முனைகளாகப் படிக்கும்.

சரிவு, பாகையில்.

அருகிலுள்ள ஓடைக்கு மேல் எவ்வளவு உயரம். ஃப்ளே எனப்படும் சதுப்புத் தாழ்நிலங்களைப் பிடிக்கும் மாறி இது.

மண்ணின் களிமண் பங்கு, எட்டாவதாகப் பாறையின் சத்து வளம். இவை இரண்டையும் பற்றி அடுத்த படியில் விரிவாகச் சொல்கிறோம்.

கடற்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வேலை செய்தால் கடலிலிருந்து தூரத்தையும் சேருங்கள். உப்புக்காற்று அங்கே பெரிய காரணி. கேப் டவுன் பக்கம் இந்த முறையைக் கொண்டுபோகிறவர்கள் மழைப்பருவத்தை மாறியாகச் சேர்க்க வேண்டும், அங்கே மழை குளிர்காலத்தில். நம் மாகாணம் முழுவதும் கோடை மழை என்பதால் இங்கே அது தேவையில்லை.

மூடுபனி ஒரு குறை. ஹோவிக், கார்க்லூஃப் பக்கத்துப் பனிமூட்டப் பட்டையில் இலைகளில் பிடித்துச் சொட்டும் ஈரம் மழைமானியில் விழாது. தரவு இல்லாததால் நீர்ப்பற்றாக்குறை அங்கே உண்மையைவிட அதிகமாகத் தெரியும். விளக்கக் குறிப்பில் இதை எழுதிவிடுங்கள், எண்ணைக் கையால் திருத்தாதீர்கள்.

படி 3: அடுக்குகளைத் தயார் செய்வது

ஒவ்வொரு மாறியும் ஒரு வரைபட அடுக்கு. எல்லா அடுக்குகளையும் ஒரே வரைபடத் திட்டத்துக்கு மாற்றுங்கள். நாட்டின் அதிகாரபூர்வத் திட்டம் ஹார்டபீஸ்ட்ஹூக் 94, டர்பனுக்கு லோ 31, அதாவது 31 பாகைக் கிழக்கை நடுக்கோடாகக் கொண்ட பட்டை. ஆனால் லோ முறையில் அச்சுகள் தெற்கையும் மேற்கையும் நேர்எண்ணாகக் கொள்கின்றன. சில மென்பொருள்கள் இதைத் திருப்பிப் படித்துவிடும், உங்கள் பண்ணை கண்காணாத இடத்தில் போய் விழும். வேலைக்கு யூடிஎம் என்ற உலகப் பொதுத் திட்டத்தின் 36 தெற்குப் பட்டையை வைத்துக்கொண்டு, முடிவை ஒப்படைக்கும்போது மட்டும் லோவுக்கு மாற்றுவது பாதுகாப்பு. பாகை அலகிலுள்ள அடுக்கில் சரிவைக் கணக்கிடாதீர்கள். கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருந்தால் நிலம் முழுவதும் செங்குத்துப் பாறையாக வரும்.

உயரத்துக்கு விண்வெளியிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு கிடைக்கிறது. இவை தரையை அளக்கவில்லை, கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை அளந்தவை. யூகலிப்டஸ் தோப்பின் விளிம்பில் 20 மீட்டர் படிக்கட்டு ஒன்று திடீரென எழும். அதைச் சரிவு என்று கணினி நம்பும், ஓடையையும் திருப்பிவிடும். நிலப்பரப்பு வரைபடத்தில் தோட்டக்காடுகளை எடுத்து உயரத் தரவின் மேல் வைத்துப் பாருங்கள். தோட்டத்தின் உருவமே சரிவில் தெரிந்தால், அந்தப் பகுதியில் மரத்தின் சராசரி உயரத்தைக் கழித்து விளிம்பை மென்மையாக்குங்கள். நகராட்சியிடம் லேசர் உயரத் தரவு இருந்தால் கேட்டுப் பெறுவது இதைவிட மேல்.

தட்பவெப்பத்துக்கு வேர்ல்டுகிளிம், செல்சா ஆகிய இரண்டும் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அளவில் உள்ளன. இரண்டையும் இறக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தில் மழைமானி நிலையங்கள் குறைவு என்று பொருள். வெப்பநிலையை 30 மீட்டருக்கு இறக்க, 100 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்ற விதி உதவும். மிட்லண்ட்ஸின் குளிர்கால இரவுகளில் மட்டும் இது தலைகீழாகும், குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, மேட்டைவிடத் தாழ்வில்தான் உறைபனி கடுமையாக விழும். அங்கே ஓடைக்கு மேல் உயரம் என்ற மாறிதான் உங்களைக் காப்பாற்றும்.

மண்ணுக்கு வருவோம். கரும்பு நிலத்தின் மேல்மண்ணை நம்பக் கூடாது. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்பும் பாஸ்பரஸ் உரமும் போட்ட மண், பழைய நிலத்தின் இயல்பைச் சொல்லாது. அதன் அமிலத்தன்மையையும் பாஸ்பரஸ் அளவையும் மாறியாக வைத்தால், உங்கள் வகைப்பாடு பழைய சூழலைக் காட்டாமல் உரச் செலவைக் காட்டும். எனவே சத்து வளத்தைப் பாறையிலிருந்து எடுங்கள். 1:2,50,000 நிலவியல் வரைபடத்தில் டர்பன் சுற்றுவட்டாரப் பாறைகளை இப்படி வரிசைப்படுத்தலாம்: நேட்டால் மணற்பாறை மிக வறியது, அமிலம், மணல். டர்பனின் பெரியா மேட்டின் பெயர் பெற்ற பெரியா செம்மணல் வறியது, ஆனால் ஆழமானது, நீர் நன்றாக வடியும். கிரானைட்டும் டுவைக்கா பனியாற்றுப் படிவமும் நடுத்தரம். ஈக்கா களிப்பாறை அதற்கு மேல். டோலரைட் (பாறைக்குழம்பு உறைந்த கரும்பாறை) செழிப்பான செங்களி. ஆற்று வண்டல் தனி. இவற்றுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தால் போதும். சாயில்கிரிட்ஸ் என்ற 250 மீட்டர் உலக மண் தரவிலிருந்து களிமண் பங்கை எடுக்கலாம், ஆனால் பாறை வரைபடத்தோடு ஒத்துப்பார்க்காமல் வேண்டாம்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. நிலவியல் வரைபடத்தின் கோடுகள் களத்தில் நூறு இருநூறு மீட்டர் தள்ளியிருக்கலாம். மணற்பாறை விளிம்பு செங்குத்தாக உடைவதால், சரிவு அடுக்கைப் பார்த்துக் கோட்டை நகர்த்துங்கள். இரண்டாவது, டோலரைட் இடைப்பாறைகள் பல குறுகலானவை, வரைபடத்தில் இல்லாமலே போயிருக்கும். வெளிர்மணலுக்கு நடுவே திடீரென்று சிவந்த மண் கோடு தெரிந்தால் அதுதான்.

படி 4: அளவை ஒப்பாக்குவது

மழை 600 முதல் 1,400 வரை போகும், வெப்பநிலை 0 முதல் 12 வரைதான் போகும். அப்படியே கலந்தால் மழை மட்டுமே பேசும். ஒவ்வொரு மாறியையும் அதன் வீச்சால் வகுத்து 0 முதல் 1 வரை கொண்டுவாருங்கள். இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தொலைவு என்பது எல்லா மாறிகளின் வேறுபாடுகளின் சராசரி. இதுதான் கோவர் அளவு. எடுத்துக்காட்டாக: மழை 1,000, 800. வேறுபாடு 200, வீச்சு 800, ஆக 0.25. குளிர் 10, 4. வேறுபாடு 6, வீச்சு 12, ஆக 0.5. பாறைச் சத்து 1, 4. வேறுபாடு 3, வீச்சு 4, ஆக 0.75. மூன்றின் சராசரி 0.5.

ஒற்றைச் செங்குத்துப் பாறைமுகம் சரிவின் வீச்சை இழுத்து நீட்டி, மற்ற எல்லாச் சரிவுகளையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும். முதல் 1 சதவீதத்துக்குக் கீழும் கடைசி 1 சதவீதத்துக்கு மேலும் உள்ள மதிப்புகளை வெட்டுங்கள். சரிவு, ஓடைக்கு மேல் உயரம் ஆகிய இரண்டுக்கும் மடக்கை எடுங்கள். ஓடையிலிருந்து 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு செடிக்குப் பெரிது, 81க்கும் 83க்கும் ஒன்றுமில்லை. பிறகு மாறிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, தொடர்புக் கெழு (இரண்டும் எவ்வளவு ஒன்றாக மாறுகின்றன என்ற எண்) 0.8ஐத் தாண்டினால் ஒன்றை நீக்குங்கள்.

படி 5: குழுக்களாக்குவது

28 லட்சம் கட்டங்களை நேரடியாகப் படிநிலை மரமாக அடுக்க முடியாது, நினைவகம் தாங்காது. இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில் ஆர் மொழியின் கிளஸ்டர் தொகுப்பிலுள்ள கிளாரா கட்டளையால், மாறிகளின் வேறுபாடுகளைக் கூட்டும் மன்ஹாட்டன் தொலைவு வைத்து, 300 சிறு குழுக்கள். பிறகு அந்த 300இன் சராசரிகளை மட்டும் எடுத்து, சராசரி இணைப்பு முறையில் மரமாக்குங்கள். 300க்கு 44,850 இணைகள்தான், நொடியில் முடியும். அந்த மரத்தை மூன்று உயரங்களில் வெட்டினால் மூன்று நிலைகள் கிடைக்கும். ஒரு நகராட்சிக்கு 10, 40, 100 என்று தொடங்கலாம். மாதிரி எடுக்கும்போது சமவெளிக் கட்டங்கள் மட்டுமே குவியாதபடி மாதிரியின் அளவைப் பெரிதாக வையுங்கள். சீரற்ற எண்ணின் தொடக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஓட்டும்போது வேறு வரைபடம் வரும், எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது.

வந்த வரைபடத்தில் உப்பு தூவியது போலத் தனிக் கட்டங்கள் சிதறிக் கிடக்கும். 3க்கு 3 பெரும்பான்மை வடிகட்டி போடலாம். ஆனால் ஈரநிலக் குழுவையும் டோலரைட் கோடுகளையும் வடிகட்டிக்கு முன் தனியே எடுத்துவைத்து, பின்பு மேலே திரும்ப வையுங்கள். நீளமாகவும் மெலிதாகவும் இருப்பவைதான் வடிகட்டியில் முதலில் சாகும். அரிய உயிரினங்கள் பல இருப்பதும் அங்கேதான்.

படி 6: பெயர் வைத்தல்

குழு எண் 37 என்றால் எந்த விவசாயிக்கும் எதுவும் புரியாது. "உறைபனியற்ற, வறிய மணற்பாறை மேட்டுச்சமவெளி", "வெப்பமான வறண்ட வடக்குச் சரிவு, கிரானைட்" என்று பெயரிடுங்கள். பெயரில் செடியின் பெயர் வரக் கூடாது. அது வகைப்பாட்டின் முடிவைத் தொடக்கத்திலேயே எழுதியதாகிவிடும்.

படி 7: களத்தில் சரிபார்ப்பு

ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 5 இடங்கள். புல்வெளியில் 10க்கு 10 மீட்டர், காட்டில் 20க்கு 20 மீட்டர் சதுரம். சாலையோரமாக மட்டும் போடாதீர்கள். சாலைகள் மேட்டு முதுகுகளில் ஓடுவதால் பள்ளத்தாக்குச் சூழல்கள் எல்லாம் விடுபடும்.

மண் துளைப்பானை 1.2 மீட்டர் வரை இறக்குங்கள். குளூஃப், இனாண்டா பக்கத்து மணற்பாறை மேட்டில் ஒரு துளை எப்படி இருக்கும் என்று சொல்கிறோம். முதல் ஒரு சாண் சாம்பல் கலந்த கருமணல், வேர் நிறைந்தது. கையில் பிசைந்து உருட்டினால் உருண்டை நிற்காது, உதிரும். அதற்குக் கீழே மணல் வெளுத்து, ஈரமாக இருக்கும்போது மங்கிய தேன் நிறம், காய்ந்தால் கிட்டத்தட்ட வெள்ளை. 40, 50 சென்டிமீட்டரில் துளைப்பானின் முனை கரகரவென்று சிதைந்த பாறையில் உரசும். அந்த இடத்தில் மண் ஈரமாக ஒட்டும், துருவின் நிறத்தில் புள்ளிகள் தெரியும். மழைநீர் கீழே போக வழியில்லாமல் பாறையின் மேல் பக்கவாட்டில் ஊர்கிறது என்பதற்கு அடையாளம். இங்கே கார்ட்ரெஃப் என்று பெயரிட்ட மண் இது. கடலோரப் பக்கம் இறங்கிப் பெரியா செம்மணலில் துளைத்தால் 1.2 மீட்டரும் ஒரே செந்நிறம், ஒரு புள்ளி இருக்காது. இரண்டுக்கும் மழையில் பெரிய வேறுபாடு இல்லை, மண் வேறு, சூழலும் வேறு. உங்கள் வரைபடம் இவற்றைப் பிரிக்கவில்லை என்றால் பாறை அடுக்கில் பிழை இருக்கிறது.

துருப்புள்ளிகளைக் கவனமாகப் பதியுங்கள். மேலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் புள்ளியோ சாம்பல் களியோ இருந்தால் ஈரநிலம் என்பது இந்நாட்டின் எல்லைகுறிக்கும் வழிகாட்டி. கரும்புக்காக வாய்க்கால் வெட்டி வடித்த ஃப்ளேகளில் தண்ணீர் போய்விட்டாலும் அந்தப் புள்ளிகள் நெடுங்காலம் மண்ணில் நிற்கும்.

செடிகளைப் பதியும்போது முதல்நிலைப் புல்வெளியையும் இரண்டாம்நிலைப் புல்வெளியையும் பிரிக்கத் தெரிய வேண்டும். தொலைவிலிருந்து இரண்டும் ஒரே பச்சை. உழவே படாத புல்வெளியில், ஆகஸ்டில் தீ ஓடிய பின் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தரையிலிருந்து கிழங்குச் செடிகள் எழுந்து பூக்கும். மஞ்சள் நட்சத்திரப் பூவுள்ள ஹைபாக்ஸிஸ், வாட்சோனியா, அவரைக் குடும்பத்து எரியோசீமா எல்லாம் அப்போது தெரியும். இடையே தெமீடா புல். ஒருமுறை உழுது விட்ட நிலத்தில் கூரைப்புல்லான ஹைப்பரீனியாவும் ங்கோங்கோனி எனும் கம்பிப்புல்லும் மட்டும் நிறைந்து நிற்கும், கிழங்குகள் திரும்புவதில்லை. சந்தேகம் வந்தால் 1930களின் வான்படங்களை எடுங்கள். உழவுச் சால்களும் வரப்புகளும் அதில் தெரியும்.

லண்டானா என்ற உண்ணிச்செடி, குரோமோலீனா, வாட்டில் என்ற ஆஸ்திரேலிய வேல மரம், நம் வீடுகளில் பூசைக்கு இலை பறிக்கும் சிரிங்கா என்ற மலைவேம்பு ஆகியவற்றின் அளவையும் சதவீதமாகக் குறியுங்கள். இவை சூழலின் அடையாளம் அல்ல, சிதைவின் அளவு.

பழுதுபடாத இடங்களின் இனப்பட்டியலை மட்டும் வைத்து, இடங்களுக்கு இடையேயான இன வேறுபாட்டையும் சூழல் தொலைவையும் மான்டெல் சோதனையால் (இரண்டு தொலைவுப் பட்டியல்கள் ஒத்துப்போவது தற்செயலா என்று பார்ப்பது) 999 முறை கலைத்து ஒப்பிடுங்கள். ஒரு மாறியை நீக்கியதும் தொடர்பு கூடினால் அந்த மாறியை விட்டுவிடலாம். கடலோரப் புல்வெளிக்கு சாட்ஸ்வொர்த்தின் சில்வர்கிளென் காப்பகமும், மெர்பேங்க் அருகே உள்ள டிரெஷர் பீச் புல்வெளியும் எஞ்சிய நல்ல மாதிரிகள். அனுமதி வாங்கிக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 8: எவ்வளவு மிச்சம், எவ்வளவு காப்பில்

இப்போதுதான் இன்றைய நிலப்பரப்பு வரைபடத்தைக் கொண்டுவந்து மேலே வைக்க வேண்டும். ஒவ்வொரு சூழலிலும் மொத்தப் பரப்பு, இயற்கைத் தாவரம் மிஞ்சிய பரப்பு, காப்பகத்துக்குள் உள்ள பரப்பு என மூன்று எண்கள். இரண்டாம்நிலைப் புல்வெளியை "இயற்கை" என்று எண்ணிவிடாதீர்கள். செயற்கைக்கோள் படம் இதில் தவறும், வான்படத்தைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

எந்த விதியால் அளக்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். கணக்குக்காக ஒரு சூழலை எடுப்போம்: மொத்தம் 4,000 ஹெக்டேர், மிச்சம் 700. அதாவது 17.5 சதவீதம். தென்னாப்பிரிக்காவின் பழைய விதியில் ஒவ்வொரு வகைக்கும் 16 முதல் 36 சதவீதம் வரை ஒரு காப்பு இலக்கு உண்டு. இலக்கு 25 என்றால் 1,000 ஹெக்டேர் தேவை. மிச்சம் அதற்குக் கீழே, எனவே மிக மோசமான ஆபத்து. பன்னாட்டுச் செம்பட்டியல் விதியில் 1750க்குப் பிறகான இழப்பு 82.5 சதவீதம். 90ஐத் தாண்டவில்லை, 70ஐத் தாண்டியது, எனவே இரண்டாம் நிலை ஆபத்து. நியூசிலாந்து விதியில் 10க்கும் 20க்கும் இடைப்பட்டது, அங்கும் இரண்டாம் நிலை. நிலம் ஒன்று, விடை வேறு. அறிக்கையில் விதியைச் சொல்லாமல் "ஆபத்தில் உள்ளது" என்று மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பு ஆலோசகர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

காப்பு நிலைக்கு: இலக்கு முழுவதும் காப்பகத்தில் இருந்தால் நன்கு காக்கப்பட்டது. பாதிக்கு மேல் என்றால் நடுத்தரம், 5 முதல் 49 சதவீதம் என்றால் குறைவு, 5க்குக் கீழ் என்றால் காப்பே இல்லை.

சட்டத்தில் செல்லுபடியாவது உங்கள் வகைப்பாடு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 2004ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் 2011இல் வெளியாகி 2022இல் திருத்தப்பட்ட ஆபத்துச் சூழலமைப்புகளின் பட்டியல்தான் செல்லும். அந்தப் பட்டியலின் மேல் இரண்டு ஆபத்து நிலைகளில் உள்ள இடத்தில் 300 சதுர மீட்டர் இயற்கைத் தாவரத்தை அகற்றவும் அனுமதி வேண்டும். மேல்மண் 10 ஆண்டுகளாகக் கலைக்கப்படாத இடத்தில் வளரும் உள்நாட்டுத் தாவரம் சட்டப்படி இயற்கைத் தாவரம். ஆக, 12 ஆண்டு கைவிட்ட கரும்புக் கொல்லை சட்டத்தில் அந்தப் பெயரைப் பெறலாம், உங்கள் வரைபடத்தில் சிதைந்த நிலையாகவே இருக்கும். இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் வகைப்பாடு பயன்படுவது அந்தப் பட்டியலின் ஒரு பெரிய வகைக்கு உள்ளே எந்தத் துண்டு மற்றவற்றைவிட அரிது என்று காட்டுவதற்கு.

படி 9: நடவுக்கு முன் பார்ப்பது

பண்ணைகளில் செங்குத்துச் சரிவுகளையும் ஈரத் தாழ்வுகளையும் கரும்பிலிருந்து விடுவிக்கும்போது எதை முதலில் மீட்பது என்ற கேள்வி வரும். மிச்சம் குறைந்த சூழல், அதே சூழலில் பழுதுபடாத ஒரு துண்டுக்கு அருகில் உள்ள இடம் என்ற வரிசையில் போங்கள். விதையும் பூச்சியும் நடந்து வரக்கூடிய தூரம் முக்கியம்.

மரம் நடுவிழா நடத்தும் கோவில்கள், பள்ளிகள், சங்கங்கள் எல்லாம் முதலில் இந்த வரைபடத்தைத் திறந்து குழுவின் பெயரைப் பார்க்க வேண்டும். தெற்கு நோக்கிய ஈரச் சரிவு, ஆற்றோர வண்டல், கடலோரப் பழைய மணல்மேடு என்று வந்தால் உள்நாட்டுக் காட்டு மரங்களை நடலாம். "வறிய மணற்பாறை மேட்டுச்சமவெளி" என்று வந்தால் ஒரு கன்றும் வேண்டாம். அது தீயோடு வாழும் புல்வெளி நிலம், அங்கே நிழல் விழுந்தால் கிழங்குகள் சாகும். அந்த இடத்துக்குக் களையெடுப்பும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலக் கடைசியில் தீயணைப்பு அனுமதியோடு போடும் கட்டுப்பட்ட தீயும்தான் மருந்து. நட வைத்திருந்த கன்றுகளை ஓடைக்கரைக்கு எடுத்துப்போங்கள்.